தகப்பனுக்கு ஒரு வேலை: ஜெஸி ஓவன்ஸ் பல்கலைக்கழகம் போன கதை

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய் நின்றால், வாவிப் பக்கக் காற்றோடு பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கலாம். சிலர் நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகள். சிலர் படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரைக்கும் இவர்களுடைய அண்ணன்மாரும் அக்காமாரும் பாதையில் ஏறி வாவியைக் கடந்துதான் இந்தப் பக்கம் வந்தார்கள். மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளார், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து எங்கள் ஊரோடு ஒன்றாகிப்போன யேசுசபைத் துறவி. ஓடுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கேட்டதில்லை.

அந்த மைதானத்தில் 800 மீற்றர் ஓடுகிற ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். வாவியின் மேற்குக் கரையில் ஒரு கிராமம். தகப்பன் 2007 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது காணாமல் ஆக்கப்பட்டவர். தாய் பருவ காலத்தில் வயல் வேலைக்குப் போகிறார், மற்றக் காலத்தில் பாய் இழைக்கிறார். தூரத்து நகரமொன்றின் பெரிய பாடசாலை, பிள்ளையைத் தங்களிடம் அனுப்பும்படி கேட்டிருக்கிறது. விடுதி, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் இலவசம் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக ஓடினால் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கே போகலாம் என்றும் சொன்னார்களாம். தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இப்படிக் கூப்பிடுகிறவர்களிடம் நாங்கள் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும்? மூத்த மகனுக்கு அங்கே ஒரு சிறு வேலை கிடைக்குமா என்று கேட்க அவருக்கு ஆசை. கேட்க வெட்கம்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் ஜெஸி ஓவன்ஸ். ஹிட்லரின் முன்னிலையில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்ற கறுப்பின வீரர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். பாடப்புத்தகமும் அதோடு நின்றுவிடும். அந்தப் பதக்கங்களுக்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் அவர் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். எந்த உடன்பாட்டில் போனார், அந்த உடன்பாட்டில் எவை இருக்கவில்லை என்பது அந்தத் தாய்க்குப் பதக்கக் கதையை விட உதவும் என்று தோன்றியது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் ஓவன்ஸ் 1913 செப்டெம்பர் 12 ஆம் திகதி அமெரிக்காவின் தெற்கு மாநிலமான அலபாமாவில், ஓக்வில் என்ற இடத்தில் பிறந்தார். உயிர் தப்பிய பத்துப் பிள்ளைகளில் கடைசி. தாத்தா பாட்டி அடிமைகளாக இருந்தவர்கள். தகப்பன் ஹென்றி, வெள்ளையினத்தவரின் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி செய்தவர். போடியாரின் வயலில் முல்லைக்காரராக நின்றவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. விதைக்கும்போது பட்ட கடன் அறுவடையில் தீரும், அடுத்த விதைப்பில் திரும்ப வரும். சிறு வயதில் பிள்ளையின் நெஞ்சில் ஒரு கட்டி வந்தது. வைத்தியரிடம் போக வழியில்லை. தாய் மேரி எம்மா கத்தியை நெருப்பில் காட்டித் தானே அதை வெட்டி எடுத்தார். அந்தத் தழும்போடுதான் பிள்ளை வளர்ந்தது.

அந்தக் காலத்தில் தெற்கிலிருந்த கறுப்பினக் குடும்பங்கள் இலட்சக்கணக்கில் வடக்கே தொழிற்சாலை நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தன. ஓவன்ஸ் குடும்பமும் பிள்ளைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாண்டுக்குப் போனது. வீட்டில் அவரைப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஜே.சி. என்றுதான் கூப்பிடுவார்கள். புதிய பாடசாலையில் ஆசிரியை பெயர் கேட்டபோது, தெற்கத்திய இழுவையில் அவன் சொன்னது அவருக்கு ஜெஸி என்று கேட்டது. அப்படியே பதிந்துவிட்டார். பிள்ளை திருத்தவில்லை. இடம்பெயர்ந்து போன ஊரில் பதிவேட்டில் விழுந்த பெயரே பெயராகிப் போவது எங்கள் ஆட்களுக்கும் நடந்ததுதான்.

ஃபெயர்மவுண்ட் கனிஷ்ட பாடசாலையில் சார்ள்ஸ் ரைலி என்ற வெள்ளையின ஆசிரியர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவரிடம் வசதி ஒன்றும் இல்லை. பாடசாலை முடிந்ததும் பயிற்சிக்கு வரும்படி பையனைக் கேட்டார். அவனால் முடியவில்லை. பின்னேரம் சப்பாத்துத் திருத்தும் கடையில் வேலை. அதனால் ரைலி காலையில், பாடசாலை தொடங்குவதற்கு முதல் வரச் சொன்னார், தானும் வந்தார். பிள்ளை மெலிந்திருக்கிறது என்று கண்டு வீட்டிலிருந்து சாப்பாடும் கொண்டுவந்தார். வறுமையிலிருந்து வந்த எந்த வீரரின் கதையைத் திறந்தாலும் இப்படி ஒருவர் நிற்பார். எங்கள் பக்கத்திலும் நிற்கிறார்கள். அவர்களுக்கு விருது கிடைப்பதில்லை.

அடுத்து ஈஸ்ட் டெக்னிக்கல் உயர் பாடசாலை. பெயரே சொல்வதுபோல அது கைத்தொழில் கற்பிக்கிற பாடசாலை. பல்கலைக்கழகப் படிப்புக்குத் தேவையான அத்திவாரம் அங்கே அதிகம் போடப்படவில்லை. இது பின்னர் அவருடைய காலை வாரியது. 1933 இல், இறுதி வருடத்தில், சிக்காகோவில் நடந்த தேசிய பாடசாலைப் போட்டியில் 100 யாரை 9.4 செக்கனில் ஓடினார். அது அன்றைய உலக சாதனைக்குச் சமம். அதே போட்டியில் 220 யாரையும் நீளம் பாய்தலையும் வென்றார். வயது 19.

அதன் பிறகு வீட்டு வாசலில் ஆட்கள். பல பல்கலைக்கழகங்கள் அவரை விரும்பின, மிச்சிகன் உட்பட. ஆனால் இன்று நாங்கள் நினைக்கிற விளையாட்டுப் புலமைப்பரிசில் அந்தப் பிராந்தியத்துப் பல்கலைக்கழகங்களில் அப்போது கிடையாது. நன்றாக ஓடுகிறான் என்பதற்காகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதை அவற்றின் கூட்டமைப்பு அனுமதிக்கவில்லை. கொடுக்கக்கூடியது வேலைதான். பகுதிநேர வேலை, அதுவும் வெளியிலுள்ள பழைய மாணவர்கள், அரசியல்வாதிகள் ஊடாக. ஆக ஒரு பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்வது என்றால், அந்த ஊரில் யார் என்ன வேலை பிடித்துத் தருவார் என்பதைத் தெரிவுசெய்வதுதான்.

அந்த வருடம் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தின் அடியில் கிடந்தது. ஓவன்ஸ் வீட்டில் நிரந்தர வருமானம் இல்லை. ஜெஸிக்கும் தலையில் பாரம்: காதலி ரூத்துக்கும் அவருக்கும் 1932 இல் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஓடுகிற கால்களைத் தவிர அந்தக் குடும்பத்திடம் விற்பதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

தகப்பன் ஹென்றிக்கு ஒரு வேலை ஏற்பாடானது. குடும்பம் பசியில்லாமல் இருக்கும் என்று உறுதியான பிறகே ஜெஸி, கொலம்பஸ் நகரிலுள்ள ஓஹியோ ஸ்டேற் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கறுப்பினத்தவரின் பத்திரிகைகளில் இந்தத் தெரிவைக் கண்டித்து எழுதினார்கள். காரணம் இருந்தது. கறுப்பின மாணவர்களை அந்தப் பல்கலைக்கழகம் நடத்திய விதத்துக்கு நல்ல பெயர் இல்லை. அவரைப்போல ஒருவர் அங்கே போய்ச் சேர்வது அந்த அநியாயத்துக்கு அலங்காரம் செய்வதாகும் என்பது அவர்கள் வாதம். கொள்கையளவில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் தகப்பன் வேலையில்லாமல் குந்தியிருக்கிற வீட்டில் கொள்கைக்கு எவ்வளவு இடம் கொடுக்க முடியும் என்பது, நிவாரண வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இதில் நான் அந்தத் தாய்க்கு அழுத்திச் சொன்னது ஒன்று. பிள்ளை இன்னும் கையொப்பமிடாத அந்தச் சில வாரங்களில் மட்டும்தான் குடும்பத்தின் பேச்சுக்கு மதிப்பு. உள்ளே போனபின் கேட்பது எல்லாம் சலுகை கேட்பதாகிவிடும். ஜெஸியின் குடும்பத்துக்கு அந்தச் சில வாரங்களில் கிடைத்தது தகப்பனின் வேலை. அது பெரிய காரியம். வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. ஆனால் ஜெஸி எங்கே தங்குவார், எப்போது படிப்பார், பின்தங்கினால் யார் பாடம் சொல்லித்தருவார், பட்டம் முடியும் வரை செலவை யார் ஏற்பார் என்பவற்றுக்கு எந்த உறுதியும் இருக்கவில்லை.

விளைவை முதல் வாரத்திலேயே கண்டார். பல்கலைக்கழக விடுதியில் கறுப்பின ஆண் மாணவர்களுக்கு இடமில்லை. வெளியே, வேறு கறுப்பின மாணவர்களோடு ஒரு வாடகை வீட்டில் தங்கினார். அருகிலிருந்த உணவகங்கள் பல அவருக்குச் சாப்பாடு பரிமாறா. வீட்டிலேயே சமைத்தார்கள். அணியோடு போட்டிகளுக்குப் பயணம் போகும்போது வெள்ளையின வீரர்கள் ஹோட்டலில் இருந்து சாப்பிட, கறுப்பின வீரர்கள் கட்டிக்கொடுத்ததை வாகனத்தில் இருந்து சாப்பிட்டார்கள், அல்லது கறுப்பினத்தவருக்கான கடையைத் தேடிப் போனார்கள். படுப்பதும் வேறு இடத்தில்.

கட்டணத்தை உழைத்துக் கட்ட வேண்டும். மாநில அரச மாளிகையில் மின்தூக்கி இயக்கும் வேலை கிடைத்தது. முன்வாசலில் பிரமுகர்கள் ஏறுகிற மின்தூக்கிகளை இயக்குவது வெள்ளையினப் பையன்கள். ஜெஸிக்குப் பின்புறத்திலிருந்த சரக்கு மின்தூக்கி. ஆள் வரத்துக் குறைவு என்பதால் இடையில் புத்தகம் திறக்க முடிந்தது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். அதோடு உணவு பரிமாறும் வேலை, பெற்றோல் நிலைய வேலை, நூலக வேலை என்று மாறி மாறி. காலையில் வகுப்பு, பின்னேரம் பயிற்சி, இரவில் மின்தூக்கி. வாரக் கடைசியில் போட்டி. உழைத்ததில் ஒரு பங்கை வீட்டுக்கும், ஒரு பங்கை ரூத்துக்கும் குழந்தைக்கும் அனுப்ப வேண்டும்.

லாரி ஸ்னைடர் என்ற இளம் பயிற்றுவிப்பாளர் அவருடைய ஓட்டத்தைச் செம்மைப்படுத்தினார். புறப்படும் முறை, கையசைவு, பாய்தலில் காலின் நிலை எல்லாவற்றையும் திருத்தினார். பிற்காலத்திலும் ஜெஸியைக் கைவிடாதவர் அவர். ஆனால் பாடங்களில் ஜெஸி தொடக்கத்திலிருந்தே திணறினார். குறைந்த புள்ளிகளால் எச்சரிக்கைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். 1936 குளிர்காலத்தில், ஒலிம்பிக் வருடத்திலேயே, புள்ளி போதாமல் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கப் போட்டிகளில் ஓட முடியாமல் இருந்தார்.

1935 மே 25 ஆம் திகதியைச் சொல்லாமல் போக முடியாது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி. சில நாட்களுக்கு முதல் படிக்கட்டில் விழுந்து முதுகில் அடி. குனியவே கஷ்டப்பட்டார். ஓடவிடுவதா என்று ஸ்னைடர் யோசித்தார். பிற்பகல் 3.15 க்கு 100 யார்: 9.4 செக்கன், உலக சாதனை சமன். 3.25 க்கு நீளம் பாய்தல், ஒரே ஒரு பாய்ச்சல்: 8.13 மீற்றர், உலக சாதனை. 3.34 க்கு 220 யார்: 20.3 செக்கன், உலக சாதனை. 4 மணிக்கு 220 யார் சட்டவேலி ஓட்டம்: 22.6 செக்கன், உலக சாதனை. முக்கால் மணித்தியாலம். அந்த நீளம் பாய்தல் சாதனையை 1960 வரை, 25 வருடங்கள், யாரும் தாண்டவில்லை.

அந்த வருடம் ஜூலையில் ரூத்தைத் திருமணம் செய்தார். அதே கோடையில்தான் பணப் பிரச்சினை வெடித்தது. ஓஹியோ சட்டசபையில் ஏவல் பணியாளர் என்ற பெயரில் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கோடையில் அவர் கலிபோர்னியாவில் போட்டிகளில் ஓடிக்கொண்டிருக்க, சம்பளம் ஏறிக்கொண்டே இருந்தது. மொத்தம் 159 டொலர். ஓடுவதற்காகப் பணம் வாங்கினால் அக்கால விதிப்படி அவர் தொழில்முறை வீரர் ஆகிவிடுவார். பிறகு பல்கலைக்கழகத்துக்கும் ஓட முடியாது, ஒலிம்பிக்கிலும் ஓட முடியாது. அமெச்சூர் விளையாட்டு ஒன்றியம் விசாரணை வைத்தது. ஜெஸி அந்த 159 டொலரையும் திருப்பிக் கட்டினார். ஓட அனுமதி தப்பியது. ஆனால் அந்த வருடத்தின் சிறந்த அமெச்சூர் வீரருக்கான சலிவன் விருது, ஒரே நாளில் அத்தனை சாதனை செய்தவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு கோல்ஃப் வீரருக்குப் போனது.

இந்த 159 டொலர் கதையில் நான் எப்போதும் தடக்கி நிற்பேன். வேலையை ஏற்பாடு செய்தவர்கள் பெரிய மனிதர்கள். விதி என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விசாரணைக்கு இழுக்கப்பட்டதும், கடன்பட்டாவது கட்ட வேண்டியிருந்ததும் அந்த இருபத்தொரு வயதுப் பையன். உதவி என்று நீட்டப்படுகிற கை எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதைக் கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல என்று தாயிடம் சொன்னேன். இன்றைக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் படிக்க மாணவர் விசாவில் போகிறவர், பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது, அதுவும் பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான். ஜெஸி போல நாலு வேலை செய்து கட்டலாம் என்று யாராவது சொன்னால் அவர் பிள்ளையை நாடு கடத்தும் வழியைச் சொல்கிறார். விசா எடுப்பதற்கே முதல் வருடச் செலவுக்கான பணத்தை எழுத்தில் காட்ட வேண்டும். புலமைப்பரிசில் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பது அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காக ஒரு சதமும் கொடுப்பதில்லை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. ஏழைப் பிள்ளைக்குச் சில வேளை அதுவே கூடுதலாக இருக்கும்.

பேர்ளினுக்கு வருவோம். 1936 ஆகஸ்ட் 3 ஆம் திகதி 100 மீற்றர், 4 இல் நீளம் பாய்தல், 5 இல் 200 மீற்றர், 9 இல் 4x100 மீற்றர் அஞ்சலோட்டம். நான்கு தங்கம். ஆரிய இனமே உயர்ந்தது என்று காட்டக் கட்டிய அரங்கில், அடிமைகளின் பேரன் நான்கு தடவை மேடையேறினார். இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நான் கூட்ட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரங்களைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை.

போட்டி முடிந்ததும் ஒன்றியம் தன் செலவை ஈடுசெய்ய வீரர்களை ஐரோப்பா முழுதும் இழுத்துக்கொண்டு போய்க் காட்சிப் போட்டிகளில் ஓடவிட்டது. நுழைவுச்சீட்டுப் பணம் ஒன்றியத்துக்கு. வீரர்களின் பையில் செலவுக்கும் காசில்லை. அமெரிக்காவிலிருந்து ஜெஸிக்குத் தந்திகள் வந்துகொண்டிருந்தன: மேடையில் தோன்றினால் இவ்வளவு ஆயிரம், படத்தில் நடித்தால் இவ்வளவு. களைத்துப்போய், சுவீடனுக்குப் போகமாட்டேன் என்று ஊருக்குத் திரும்பினார். ஒன்றியம் உடனே அவரை இடைநிறுத்தியது. பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு வருடம் ஓடும் தகுதி மிச்சமிருந்தது. அது அத்தோடு போனது. ஓட்டம் போனதும் கொலம்பஸில் அவருக்கு இருந்த பிடிமானமும் போனது. பட்டம் முடியவில்லை.

நியூயோர்க்கில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அவருக்காகவே நடந்த விருந்துக்கு வோல்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்குப் போனபோது சரக்கு மின்தூக்கியில்தான் மேலே ஏற்றினார்கள். மூன்று வருடங்களுக்கு முன் கொலம்பஸில் இயக்கியதும் சரக்கு மின்தூக்கிதான். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடமிருந்து வாழ்த்து வரவில்லை. தந்தியில் வந்த ஆயிரங்களும் ஒவ்வொன்றாகக் கரைந்தன. எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. அந்த டிசெம்பரில் கியூபாவின் ஹவானாவில் பணத்துக்காக ஒரு குதிரையோடு ஓடினார், குதிரையை விட முன்னால் நின்று புறப்பட்டு. வென்றார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். குடும்பம் சாப்பிட்டது. 1930களின் கடைசியில் கிளீவ்லாண்டில் உடைச் சலவை நிலையம் தொடங்கி, அது மூழ்கி, வங்குரோத்து அறிவிக்க வேண்டிவந்தது.

1940 இல், 27 வயதில், மனைவியோடும் பெண் பிள்ளைகளோடும் ஜெஸி கொலம்பஸுக்குத் திரும்பினார், விட்ட படிப்பை முடிக்க. ஸ்னைடர் அவரைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். உலகமே பெயர் தெரிந்த மனிதர், தன்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவர்களோடு வகுப்பில் குந்தினார். பாடசாலையில் போடப்படாத அத்திவாரம், பின்னர் மின்தூக்கியில் கழிந்த இரவுகள், எல்லாம் சேர்ந்து கணக்குக் கேட்டன. புள்ளிகள் தேறவில்லை. 1941 டிசெம்பரில் விட்டுவிட்டுப் போனார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிற இடம் இதுதான். போர் முடிந்து முப்பது வயதில் மீண்டும் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குப் போனவர்களை இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியும். அந்த மேசையில் எப்படிக் குந்தியிருப்பார்கள் என்றும் தெரியும்.

மிச்ச வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். போர்க்காலத்தில் டெட்ரொய்டில் ஃபோர்ட் நிறுவனத்தில் கறுப்பினத் தொழிலாளர் விடயங்களைக் கவனித்தார். 1950 இல் அரை நூற்றாண்டின் தலைசிறந்த மெய்வல்லுநர் என்று அமெரிக்க ஊடகவியலாளர்கள் தெரிவுசெய்தார்கள். 1955 இல் ஐசனோவர் அரசு அவரை நல்லெண்ணத் தூதுவராக இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அனுப்பியது. மேடைப் பேச்சாளராக ஓரளவு வசதி வந்தது. 1960களில் வருமான வரி கட்டாத வழக்கில் அபராதமும் வந்தது. 1972 இல் ஓஹியோ ஸ்டேற் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. படித்து எடுக்க முடியாத பட்டத்தை 58 வயதில் மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். 1976 இல் ஜனாதிபதி ஃபோர்ட், நாட்டின் உயர்ந்த குடியியல் விருதை வழங்கினார். 1935 இல் ஆன் ஆர்பரில் அந்த முக்கால் மணித்தியாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மிச்சிகன் மாணவர்களில் ஃபோர்டும் ஒருவர். ஜெஸி ஓவன்ஸ் 1980 மார்ச் 31 ஆம் திகதி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 66. நெடுங்காலம் புகைபிடித்தவர். அவர் பெயரில் பின்னர் தொடங்கப்பட்ட மன்றம், வசதியற்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கொடுத்திருக்கிறது.

விளையாட்டுப் புலமைப்பரிசிலை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 1956 இல். எங்கள் நாட்டிலிருந்தும் அந்தக் கதவால் உள்ளே போனவர்கள் உண்டு. 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதல் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாய்ந்துகொண்டே படித்தவர். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். பாய்ச்சலோடு படிப்பும் முடிந்தது. ஆனால் 1973 முதல் பல வருடங்கள் அந்தப் புலமைப்பரிசில்கள் ஒரு வருடத்துக்கு மட்டும்தான். வருட முடிவில் புதுப்பிப்பதும் விடுவதும் அவர்கள் கையில். முழங்கால் போனால் உதவியும் போகலாம். பல வருடங்களுக்கு உறுதிதர 2012 க்குப் பிறகுதான் திரும்பவும் அனுமதித்தார்கள், அதையும் எல்லோரும் தருவதில்லை. தொலைபேசியில் புலமைப்பரிசில் என்று சொல்கிறவரிடம் எத்தனை வருடத்துக்கு என்று கேட்க வேண்டும். வரும் பதிலில் வருட எண்ணிக்கை இல்லை என்றால், அது ஒரு வருடம்.

நான் கதையை முடித்ததும் அந்தத் தாய் மகளைக் கூப்பிட்டுக் கொப்பியும் பேனையும் எடுத்துவரச் சொன்னார். தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். விடுதியும் சாப்பாடும் எத்தனை வருடத்துக்கு. காலில் அடிபட்டு ஓட முடியாமல் போனால் அங்கேயே படித்து உயர்தரம் எழுதலாமா. பின்னேரம் பயிற்சி என்றால் பாடம் எப்போது, தமிழில் சொல்லித்தர ஆள் உண்டா. மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரப் பஸ் காசு யார் தருவது. ஐந்தாவதை எழுதச் சொல்ல முன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூத்த மகனின் பெயரைச் சொன்னார்.

கடிதம் பதிவுத் தபாலில் போனது. மூன்று கிழமையில் பதில் வந்தது, கடிதத் தலைப்போடு, கையொப்பத்தோடு. விடுதியும் சாப்பாடும் உயர்தரம் முடியும் வரை. பஸ் காசு தருவார்கள். தமிழில் பாடம் சொல்லித்தர ஒருவர் இருக்கிறார். மகனுக்கு வேலை இல்லை, ஆனால் மைதானப் பராமரிப்பில் வெற்றிடம் வரும்போது அறிவிப்போம் என்று எழுதியிருந்தார்கள். காலில் அடிபட்டால் என்ன என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. தாய் அந்த ஒரு கேள்வியைத் தனியாக எழுதித் திரும்பவும் அனுப்பியிருக்கிறார். பதில் வரும் வரைக்கும் பிள்ளை வெபர் மைதானத்தில்தான் ஓடுகிறது.